தராசுக்கு முத்திரை, வேகக் கருவிக்கும் முத்திரை



இந்த இதழில் பயிர் சம்பந்தமான கேள்விகளைச் சற்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைப்பாக்கம் சுற்று வட்டாரத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவை. சாலையோரம் போலீசார் வைத்திருக்கும், வண்டியின் வேகத்தை அளக்கும் கருவிதான் அந்த விஷயம். வேளாண் அலுவலரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போவதும் விவசாயத்தில் சேர்ந்ததுதான். கொண்டு போனவர் பத்திரமாக வீடு திரும்புவதும் அதில் சேர்ந்ததுதான். ஆகவே தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி 1: ஐயா, நான் கீரையும் வெண்டையும் பயிரிட்டு, சொந்தக் குட்டியானையில் விடியற்காலை கோயம்பேட்டுக்கு ஏற்றிப் போகிறேன். நெடுஞ்சாலையில் போலீசார் ஒரு மெஷினைக் காட்டி, அதிவேகம் என்று 1,000 ரூபாய் அபராதம் போட்டுவிட்டார்கள். அந்த மெஷின் சொல்வதை எப்படி நம்புவது? பக்கத்தில் பறந்த காரின் வேகத்தை என் தலையில் கட்டியிருந்தால்?

பதில்: நியாயமான கேள்வி. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானியை நெல்லுக்குள் வைத்து 17 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது என்று மூட்டையைத் தள்ளி வைக்கும்போது, நாம் இதே கேள்வியைத்தானே கேட்கிறோம்? கருவி சரியா, கருவியைப் பிடித்தவர் சரியா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். வேகக் கருவிக்கும் அதே கணக்குதான்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரேடார். ஹாரன் அடித்தபடி ஒரு லாரி நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டிய நொடியில் அதே சத்தம் தடித்துவிடும். டாப்ளர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1842இல் விளக்கிய விஷயம் இது. ரேடார் கருவி ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலையை அனுப்புகிறது. வண்டியில் பட்டுத் திரும்பும் அலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்கிறது. இரண்டாவது வகை லேசர். கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டுவிட்டு அனுப்பி, அது வண்டியில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. ஒவ்வொரு முறையும் தூரம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து வேகம் கணக்காகிறது.

உங்கள் சந்தேகத்துக்கான விடை இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. ரேடார் அலை போகப் போக விரியும். நூறு மீட்டர் தள்ளிப் போனால் பல மீட்டர் அகலமாகிவிடும். அந்த அகலத்துக்குள் இரண்டு மூன்று வண்டிகள் இருந்தால், பெரிய வண்டியிலிருந்து திரும்பும் அலைதான் ஓங்கி நிற்கும். குட்டியானைக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி வந்தால் குழப்பம் வர வாய்ப்புண்டு. லேசர் அப்படி விரியாது. அதே தூரத்தில் ஏறக்குறைய ஓர் அடி அகலம்தான் இருக்கும். எனவே எந்த வண்டியைக் குறி வைத்தார்களோ அதன் வேகத்தைத்தான் காட்டும். குறி வைத்தவரின் கை ஆடி, கதிர் வண்டியின் பக்கவாட்டில் வழுக்கிப் போனால் மட்டும் அளவு பிசகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓரமாக நின்று சாய்வான கோணத்தில் அளந்தால் கருவி வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை 20 டிகிரி கோணத்தில் அளந்தால் 75 என்று வரும். அதாவது கோணத்தால் வரும் பிழை ஓட்டுநருக்குத்தான் சாதகம். ‘ஓரமாக நின்று பிடித்தார்கள், அதனால் கூடுதலாகக் காட்டியது’ என்ற வாதம் நிற்காது.

இனி சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 183ஆவது பிரிவு அதிவேகத்துக்கான தண்டனையைச் சொல்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் குட்டியானை போன்ற இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. இரண்டாவது முறை மாட்டினால் ஓட்டுநர் உரிமத்துக்கே ஆபத்து. இதே பிரிவில் நமக்குப் பாதுகாப்பான ஒரு வரியும் இருக்கிறது. ‘என் கண்ணுக்கு வேகமாகத் தெரிந்தது’ என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. இயந்திரம் அல்லது மின்னணுக் கருவி கொண்டு அளந்ததாக இருக்க வேண்டும். அதாவது கருவி இல்லையென்றால், நம் கதி ஒருவர் வாய்ச்சொல்லோடு முடிந்திருக்கும். கருவி வந்தது நமக்கும் ஒரு பாதுகாப்புத்தான்.

ஆனால் அந்தக் கருவியும் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். காய்கறிக் கடைத் தராசில் சட்டமுறை எடையளவு முத்திரை இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோம் அல்லவா? அதே சட்டமுறை எடையளவு விதிகளின் கீழ் வாகன வேகம் அளக்கும் ரேடார் கருவிகளையும் மத்திய அரசு கொண்டு வந்துவிட்டது. 2025 ஜூலை 1 முதல், இக்கருவிகளைச் சரிபார்த்து முத்திரை வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மளிகைக் கடைக்காரரின் தராசுக்கு ஒரு நியாயம், போலீஸ் கருவிக்கு வேறு நியாயம் என்று இனி இல்லை.

நிலையாகப் பொருத்திய கேமராக்களுக்கு 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி உண்டு. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிப்பு உள்ள சாலையில் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் தகவல் அனுப்ப வேண்டும். வண்டி எண் தெரியும் படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பகுதியில் வண்டி எண்ணைக் கொடுத்து உங்கள் சலானைப் பாருங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்திலோ, வீட்டில் படிக்கும் பிள்ளையிடமோ கேளுங்கள். படம் இருந்தால் அது உங்கள் வண்டிதானா, இடமும் நேரமும் பொருந்துகிறதா, அந்தச் சாலையின் வேக வரம்பு எவ்வளவு, அளந்த வேகம் எவ்வளவு என்று பாருங்கள். எல்லாம் பொருந்தினால் கட்டிவிடுங்கள். பொருந்தவில்லை என்றால், சலானில் குறித்துள்ள காலக்கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவியுங்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை மறுக்கவும், கருவியின் சரிபார்ப்புச் சான்றிதழைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பேசாமல் விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். நிலுவை சேர்ந்தால் பின்னால் தொல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 40 கிலோமீட்டர் தூரத்தை 60இல் போனால் 40 நிமிடம், 80இல் போனால் 30 நிமிடம். சிக்னலும் நெரிசலும் குறுக்கிட்டால் அந்தப் பத்து நிமிடமும் கையில் நிற்காது. கீரைக் கட்டுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும் கூடுதல் விலை எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ஒரு சலான் பல நாள் லாபத்தைக் கொண்டு போய்விடும். அரை மணி முன்னதாக அறுத்துக் கட்டினால் இந்தப் பேச்சே இல்லை.

கேள்வி 2: என் பழைய மோட்டார் சைக்கிளை இரண்டு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டேன. அதற்கு அதிவேக அபராதம் என்று என் போனுக்குச் செய்தி வருகிறது. வாட்ஸ்அப்பிலும் சலான் என்று ஒரு ஃபைல் வந்திருக்கிறது. திறந்து பார்க்கலாமா?

பதில்: திறக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ‘சலான்’ என்ற பெயரில் வரும் ஆப் ஃபைலைத் திறந்து, போனில் ஏற்றிக்கொண்ட பலர் வங்கிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். உண்மையான சலானைப் பார்க்க எந்த ஆப்பையும் ஏற்ற வேண்டியதில்லை. வந்த செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களாக அரசு இணையதளத்துக்குப் போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அது மோசடி. ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

அரசு தளத்திலும் உங்கள் பெயரில் சலான் இருந்தால், விற்ற வண்டியின் பெயர் மாற்றம் நடக்கவில்லை என்று பொருள். கேமராவுக்கு ஓட்டியவர் யாரென்று தெரியாது. எண் பலகைதான் தெரியும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் சலான் வரும். மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும். 29, 30 என்ற இரண்டு படிவங்கள் இதற்காகவே இருக்கின்றன. பட்டா மாறுதல் செய்யாமல் நிலத்தை விற்றேன் என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? வண்டியும் அப்படித்தான். டிராக்டர், பவர் டில்லர், பழைய டிரெய்லர் விற்பவர்களும் இதைக் கவனியுங்கள். நாளை அந்த வண்டி ஓர் உயிரைப் பறித்துவிட்டால், இழப்பீட்டு வழக்கில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். ஆயிரம் ரூபாய் சலானோடு அது முடியாது.

கேள்வி 3: நாங்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள். காலையிலும் மாலையிலும் ஒரகடம் சாலையைக் கடந்துதான் போக வேண்டும். பிள்ளைகளும் அதே சாலையைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் நிற்பதே இல்லை. போலீசார் டோல்கேட் பக்கம் நின்று பிடிக்கிறார்கள், எங்கள் ஊர் முன்னால் பிடிப்பதில்லை. அந்த மெஷினை இங்கே வைக்கச் சொல்ல யாரிடம் மனு கொடுப்பது?

பதில்: அம்மா, இந்த மூன்று கடிதங்களில் உங்களுடையதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். முதல் கடிதக்காரர் சாலையில் ஓட்டுகிறவர். நீங்கள் சாலையைக் கடக்கிறவர். அவருக்கு ஆயிரம் ரூபாய் பிரச்சினை, உங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அவர் வீட்டுப் பெண்களும் இதே சாலையைத்தான் கடக்கிறார்கள் என்பதால் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஓட்டுநர் உங்களைப் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டு போகவே ஒரு நொடி ஆகும். அந்த நொடியிலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நல்ல டயரும் பிரேக்கும் உள்ள கார் உலர்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் வந்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கும். 60இல் வந்தால் 36 மீட்டருக்கு மேல். 80இல் வந்தால் 57 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு ஆனால் நிற்கும் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் கூடும், மழை பெய்தால் அதற்கும் மேலே. காரில் அடிபடும் பாதசாரி இறக்கும் அபாயம், வேகம் 50இலிருந்து 65 ஆகும்போது நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதினைந்து கிலோமீட்டர்தானே கூடுதல் என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றும். கடக்கிறவருக்கு அது பிழைப்பதா இல்லையா என்ற கணக்கு.

நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதம் அதிவேகத்தால் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105 விபத்துகள். நம் மாநிலத்தில் இறந்தவர்கள் 17,884 பேர்.

நீதிமன்றமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. சாலை விபத்தில் உடல் செயலிழந்த ஒரு பெண் பல் மருத்துவரின் இழப்பீட்டு மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021இல் இழப்பீட்டைச் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயாக உயர்த்தியது. அதோடு நிற்கவில்லை. விரைவுச் சாலையில் கார்களுக்கு 120 கி.மீ. வரை வேகத்தை உயர்த்திய 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கையையும் ரத்து செய்தது. வேகம் அளக்கும் கருவிகளையும் கேமராக்களையும் கொண்டு மீறுகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னது.

சரி, மனு எங்கே கொடுப்பது? முதலில் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை பேர் கடக்கிறீர்கள், இதற்கு முன் அங்கே என்ன விபத்து நடந்தது என்று எழுதி, வேகக் கண்காணிப்பு, வேக வரம்புப் பலகை, கடக்கும் இடத்தில் கோடு, விளக்கு ஆகியவை வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை மூன்றும் அந்தக் குழுவில் ஒரே மேசையில் உட்காரும். மனு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் இதை எழுப்பலாம். பாசன வாய்க்கால் போலவே வயலுக்குப் போகும் வழியும் விவசாயக் குறைதான்.

மக்கள் சொன்னால் கேட்பார்களா என்று சந்தேகம் வேண்டாம். சென்னையில் 2023 ஜூனில் வேகக் கருவிகளோடு 40 கி.மீ. வரம்பைக் கொண்டு வந்தபோது, அது மிகவும் குறைவு என்று மக்கள் எதிர்த்தார்கள். காவல் துறை அதை நிறுத்தி வைத்து மறுபடி ஆராய்ந்தது. நவம்பரில் இலகு ரக வாகனத்துக்கு 60, கனரக வாகனத்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லாருக்கும் 30 என்று மாற்றியது. வரம்பைக் கூட்டச் சொல்லி நகரத்தார் கேட்டார்கள். வயலுக்கும் பள்ளிக்கும் நடந்து போகிறவர்களுக்காகக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கலாம்.

கம்பெனி பஸ் விஷயத்தில் சட்டத்தின் இன்னொரு வரியையும் மனுவில் சேருங்கள். 183ஆவது பிரிவு ஓட்டுநரோடு நிற்பதில்லை. தன் கீழ் வேலை செய்யும் ஓட்டுநரை அதிவேகமாக ஓட வைத்தவருக்கும் அதே தண்டனை உண்டு. வரம்பை மீறாமல் ஓட்டினால் எட்டவே முடியாத நேரத்தைக் குறித்துக் கொடுத்திருந்தால், அந்த நேர அட்டவணையே முதல்நிலைச் சாட்சியாகும். ஷிப்டு நேரத்துக்கு ஓடும் ஓட்டுநரும் நம் வீட்டுப் பிள்ளைதான். அவரை மட்டும் நிறுத்தி அபராதம் போட்டுவிட்டு, அட்டவணை போட்டவரை விட்டுவிட்டால் நாளையும் அதே வேகத்தில்தான் வருவார். மண்டிக்காரர்கள் ‘நாலு மணிக்குள் வந்தால்தான் விலை’ என்று சொல்வதையும், நாமே நம் டிரைவரை விரட்டுவதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் போகிறது, பின்னால் லாரி 80இல் வருகிறது என்றால், நடுவில் இருக்கும் நூறு மீட்டர் ஆறே நொடியில் தீர்ந்துவிடும். இருட்டில் டிரெய்லரின் பின்பக்கம் சிவப்பு விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லையென்றால், லாரிக்காரர் நம்மைப் பார்ப்பதற்கே நேரமிருக்காது. கரும்போ வைக்கோலோ ஏற்றினால் அது விளக்கை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள்.

தார்ச்சாலையில் நெல் காயப் போடுவதையும் விடுங்கள். இரவில் கல் வைத்து மறித்த நெற்குவியலில் மோதி விழுவது பெரும்பாலும் நம் ஊர்ப் பையன்தான். நெல்லுக்கும் அது நல்லதில்லை. கொதிக்கும் தாரில் வேகமாகக் காய்ந்த மணி விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய்யாகப் போகும். களத்தில் 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறிக் காய வையுங்கள். உங்கள் ஊரில் உலர்களம் இல்லையென்றால் அதையும் அதே கிராம சபையில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. விபத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். 108க்குச் சொல்லுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் சொல்லலாம். 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பணம் இருக்கிறதா என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

குட்டியானை ஓட்டும் தம்பிக்கும், சாலை கடக்கும் சகோதரிக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கருவியைக் கேள்வி கேளுங்கள், அதன் முத்திரையைக் கேளுங்கள், அது சரியாக இருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். அதே கருவி நம் ஊர் முன்னாலும் வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த இதழில் நெல் குருத்துப்பூச்சி பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எழுதும்போது பயிரின் ரகம், வயது, எந்த உரம் எப்போது இட்டீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.